பூச்சி மாத்திரை பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

பிப்ரவரியும் ஆகஸ்டும் வந்தால் தமிழ்நாட்டின் பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் பூச்சி மாத்திரை கொடுப்பார்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள் என்பது 2015-இல் தொடங்கிய திட்டம். 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை. நம் மாநிலத்தில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் நீங்கலாக. மாத்திரை மலிவு, பாதுகாப்பானது, பிள்ளைகள் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள். திட்டத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கேள்வி அதன் வயதுக் கணக்கைப் பற்றியது. வயிற்றுப்பூச்சி பிள்ளைகளின் தொல்லை, வளர்ந்தால் போய்விடும் என்ற பழைய நம்பிக்கை அந்தக் கணக்குக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சில புழுக்களுக்கு அது உண்மை. ஜவ்வாது மலையில் மிகுதியாக இருக்கும் புழுவுக்கு அது உண்மையில்லை. காரணத்தைச் சுகாதாரத் துறையின் கோப்புகளில் தேட வேண்டாம். மனித உடலின் எதிர்ப்பாற்றல் எந்த ஒட்டுண்ணியிடமிருந்து எதைக் கற்றுக்கொள்கிறது, எதைக் கற்றுக்கொள்வதில்லை என்பதில் தேட வேண்டும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகத் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. காவலூர் வானியல் ஆய்வகத்தால் வெளியூர்க்காரர்களுக்குப் பெயர் தெரிந்த மலை இது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர்). சாமை, நெல், புளி, பலா, தேன் என்று மண்ணையும் காட்டையும் நம்பிய வாழ்க்கை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இங்கே பல ஆண்டுகளாகக் குடற்புழுக்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். வீடுவீடாக மல மாதிரி வாங்கி, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணும் பொறுமையான வேலை அது. 2013-இல் வெளியான அவர்களது ஆய்விலேயே ஒன்று தெளிவாகிவிட்டது: நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் இங்கே அரிது, இருப்பதெல்லாம் பெரும்பாலும் கொக்கிப்புழு. பிறகு டிவார்ம்-3 என்ற பன்னாட்டு ஆய்வு வந்தது. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி, இந்தியாவில் தமிழ்நாடு என மூன்றே இடங்கள். தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவை ஜவ்வாது மலை ஒன்றியமும் சமவெளியின் திமிரி ஒன்றியமும். ஒவ்வொரு நாட்டிலும் ஆய்வுப் பகுதியை 40 தொகுதிகளாகப் பிரித்தார்கள். 20 தொகுதிகளில் வழக்கமான பிள்ளைகள் திட்டம் மட்டும். மற்ற 20-இல் 1 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், கிழவர் கிழவி உட்பட, ஆண்டுக்கு இருமுறை வீதம் 3 ஆண்டுகள் வீடு தேடிப்போய் மாத்திரை. கடைசிச் சுற்றுக்குப் பின் 24 மாதம் விட்டுப் பார்க்கும்போது தொற்று 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பரவல் அறுந்ததாகக் கொள்வது என்று விதி வகுத்துக்கொண்டார்கள். என் வாதத்துக்கு அந்த இறுதிக் கணக்குகூட வேண்டியதில்லை. மாத்திரை தரும் முன் எடுத்த முதல் கணக்கெடுப்பே போதும். தமிழ்நாட்டில் கொக்கிப்புழு தொற்று வயதோடு கூடிக்கொண்டே போனது. பள்ளிப் பிள்ளைகளைவிட அவர்களது பெற்றோரிடமும் தாத்தா பாட்டிகளிடமும் அது அதிகம். சமவெளியைவிட மலையில் அதிகம்.

இந்தப் புழுவின் வாழ்க்கையை முழுதாகத் தெரிந்துகொண்டால்தான் வயதோடு ஏறும் இந்தத் தொற்றுக் கோடு ஏன் வியப்பூட்டுகிறது என்பது புரியும். தென்னிந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது நெகேட்டர் அமெரிக்கானஸ் என்ற இனம். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். பெண் புழு நாளொன்றுக்கு 10,000 முட்டை வரை இடும். மலத்தோடு மண்ணில் விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்து இளம்புழுவாகிறது. நிழலும் ஈரமும் பொலபொலவென்ற மண்ணும் அதற்கு வேண்டும். மரநிழல் விழும் மலைக்காட்டு ஓரங்களைப் போல வேறிடம் கிடைக்காது. வெறுங்கால் பட்டதும் தோலுக்குள் நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. இந்த வழியைக் கண்டுபிடித்தது கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், இளம்புழுக்கள் இருந்த நீர் தவறி அவர் கைமேல் சிந்தியது, கை எரிந்தது, சில வாரம் கழித்துத் தம் மலத்தில் அவரே முட்டைகளைக் கண்டார். முக்கியமான செய்தி இன்னொன்று உண்டு. கொக்கிப்புழு நம் உடலுக்குள் பெருகாது. குடலில் இருக்கும் ஒவ்வொரு புழுவும் ஒருமுறை தோலைத் துளைத்து உள்ளே வந்ததுதான். அப்படி வந்தது 3 ஆண்டு, 5 ஆண்டு, சிலரிடம் அதற்கு மேலும் உயிரோடு இருக்கிறது. ரத்தம் குடிக்கும் அந்நிய உயிர் ஒன்றை உடல் இத்தனை காலம் விட்டு வைத்திருக்கிறதென்றால், நம் எதிர்ப்பாற்றல் என்னதான் செய்கிறது?

இங்கே மலேரியாவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஒட்டுண்ணிக்கும் உடலின் தற்காப்புக்கும் இடையிலான பாடத்தை அறிவியல் முதலில் படித்தது அதனிடம்தான். 1900-ஐ ஒட்டி ராபர்ட் கோக் நியூ கினியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, மலேரியா நிலைத்திருந்த ஊர்களில் குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி மலிந்திருந்ததையும் பெரியவர்களிடம் அது குறைந்திருந்ததையும் கண்டார். திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு பிழைத்தவர்களின் உடல் எதையோ கற்றுக்கொண்டிருக்கிறது என்று ஊகித்தார். அந்த எதையோ என்பதற்கு விடை 1961-இல் காம்பியாவில் கிடைத்தது. கோஹனும் மெக்ரெகரும் காரிங்டனும், அந்நாட்டுப் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்து, மலேரியாவில் வாடிய சிறு குழந்தைகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை விழுந்தது, காய்ச்சல் இறங்கியது. பெரியவர்களின் பாதுகாப்பு அவர்களது ரத்தத்தில் இருந்தது. கொடுத்தால் கைமாறவும் செய்தது. மலேரியா ஒட்டுண்ணியும் லேசுப்பட்டதல்ல. அதில் பால்சிபாரம் என்ற இனத்திடம் சிவப்பணுவின் மேற்பரப்பில் காட்டும் புரதத்துக்கு ஏறக்குறைய 60 மரபணுக்கள் உண்டு. உடல் ஒன்றை அடையாளம் கண்டுகொள்ளும்போது அது அடுத்ததை அணிந்துகொள்ளும். ஆகவே உடல் மெதுவாக, பல ஆண்டுகளில், பல காய்ச்சல்களில் கற்கிறது. ஊரைவிட்டு வெளியேறிச் சில ஆண்டு தொற்றே இல்லாமல் வாழ்ந்தால் கற்றதில் பெரும்பங்கு தேய்ந்தும் போகிறது. ஆனாலும் கற்கிறது. அதனால்தான் ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியும், 2023-இல் பரிந்துரைத்த, புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்-21 தடுப்பூசியும் குழந்தைகளுக்கே போவது அதனால்தான். அங்கே வயதுக் கணக்கு உடலின் கணக்கோடு ஒத்துப்போகிறது.

குடற்புழுக்களில் நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கின்றன. பள்ளி வயதில் உச்சம், பிறகு இறக்கம். உலகெங்கும் பள்ளிக்கூட மாத்திரைத் திட்டங்கள் உருவானபோது கண்முன் இருந்தவை இந்தப் புழுக்கள். அவை மிகுந்த ஊர்களில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தால் ஊரின் புழுக்களில் பெரும்பங்கு ஒழியும். கொக்கிப்புழுவின் கோடு மட்டும் இளமையில் ஏறி நடுவயதிலும் இறங்க மறுக்கிறது. அந்தக் கோட்டை நான் வாசிக்கும் விதம் இதுதான்: முப்பது நாற்பது ஆண்டு திரும்பத் திரும்பத் தொற்று கண்ட பிறகும் இந்தப் புழுவை விலக்க உடல் கற்றுக்கொள்ளவில்லை. மலேரியா ஊரில் அனுபவம் பாதுகாப்பு. கொக்கிப்புழு ஊரில் அனுபவத்துக்கு மதிப்பில்லை.

உடல் சும்மா இருந்துவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. தன்னார்வலர்களுக்கு அளவாக இளம்புழுக்களைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், சில வாரங்களுக்குள் ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு பல மடங்கு ஏறுகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் பெருகுகிறது. புழுக்களை எதிர்கொள்ளவே அமைந்த இரண்டாம் வகைத் துணை டி செல்கள் தூண்டப்படுகின்றன. அவை குடலில் சளியைச் சுரக்க வைத்து, குடலசைவைக் கூட்டிப் புழுவை வெளியே தள்ளப் பார்க்கின்றன. எலிகளின் புழுக்கள் பல இந்த ஏற்பாட்டுக்கு முன் ஓரிரு வாரங்கூடத் தாங்குவதில்லை. கொக்கிப்புழு தாங்குகிறது என்றால், அதன் வாய்ச் சுரப்பே ஒரு மருந்துக் கடை என்பதால்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் புரதங்கள், வெள்ளணுக்கள் வந்து ஒட்டாமல் தடுக்கும் புரதம், இயோசினோஃபில்களை அழைக்கும் வேதிச் செய்தியையே வெட்டிவிடும் நொதி என்று அதில் கண்டெடுத்தவை பல. இவற்றையெல்லாம்விட ஆழமானது ஒன்று. தற்காப்பு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வதற்கென்று நம்மிடம் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன. ஐஎல்-10 போன்ற அடக்கும் செய்திகளை அனுப்புவது அவற்றின் வேலை. புழு தன் சுரப்புகளால் இந்தச் செல்களை ஊக்குவிக்கிறது. நம் கட்டுப்பாட்டு ஏற்பாட்டையே தனக்குக் காவலாக்கிக்கொள்கிறது. உடலுக்கும் இதில் ஓர் ஆதாயம் உண்டு என்று சொல்ல வேண்டும்: பெரிய புழு ஒன்றைக் குடலில் வைத்தே கொல்ல முழுமூச்சாகப் போரிட்டால் குடல்தான் முதலில் சிதையும். கொல்வதைவிடப் பொறுத்துக்கொள்வது மலிவு என்று பரிணாமம் கணக்குப் போட்டுவிட்டது போலும்.

உடல் கற்கவில்லை என்ற இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு வலுவானது. பெரியவர்களிடம் புழு அதிகம் இருப்பதற்கு எதிர்ப்பாற்றலை இழுப்பானேன்? வயலிலும் காட்டிலும் வேலை செய்பவர்கள் அவர்கள். திறந்தவெளிக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். மண்ணோடு பழக்கம் கூடினால் புழுவும் கூடும், அவ்வளவுதானே? இதில் உண்மை இருக்கிறது. வெளிப்பாடு வயதோடு கூடுகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மலேரியா ஊரிலும் பெரியவரைக் கொசு கடிக்காமல் விடுவதில்லை. உருவத்தில் பெரியவர் என்பதால் குழந்தையைவிட அவரையே அதிகம் கடிக்கிறது. கூடுதலான அந்த வெளிப்பாட்டையும் மீறி அங்கே பாதுகாப்பு தெரிகிறது. இங்கே தெரியவில்லை. இரண்டாவது சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. மேற்கு வங்கத்துக் கிராமங்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு ஷாடும் ஆண்டர்சனும் 1985-இல் காட்டியது இது: மருந்து கொடுத்துப் புழுவை நீக்கிய பிறகு, முன்பு அதிகப் புழு சுமந்தவர்களே மீண்டும் அதிகம் சுமந்தார்கள். நீண்ட காலத் தொற்றும் அது கற்பித்திருக்க வேண்டிய பாடமும் அவர்களைக் காக்கவில்லை. ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பப்புவா நியூ கினியில் நடந்த ஆய்வுகளில், புழுவுக்கெதிரான ஐஜிஇ அதிகமிருந்தவர்களின் புழுக்கள் சற்று எடை குறைந்தும் முட்டை குறைத்தும் இருந்தன. ஆக, உடல் அறவே ஒன்றும் கற்காமல் இல்லை. புழுவின் பசியைக் கொஞ்சம் அடக்கக் கற்கிறது, புழுவை வெளியேற்றக் கற்பதில்லை. ஊர்ப் பரவலைப் பொறுத்தவரை இந்த அளவுக் கல்வி எதையும் மாற்றப் போவதில்லை.

அடுத்த மறுப்பு, ஜவ்வாது மலைத் தொற்று பெரும்பாலும் லேசானது என்பது. முட்டை எண்ணிக்கையின்படி அது சரி. லேசான தொற்றுக்கு ஏன் கவலை? புழு இருந்தால் ஒவ்வாமை குறையும் என்றுகூடச் சொல்கிறார்களே? உண்மைதான், ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் லூக்கஸ் குழுவினர் கொக்கிப்புழுவின் சுரப்புப் புரதம் ஒன்று எலிகளில் ஆஸ்துமா போன்ற அழற்சியைத் தணிப்பதைக் காட்டியிருக்கிறார்கள், கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத நோயாளிகள் சிலருக்குப் புழுவையே கொடுத்துப் பார்த்தும் இருக்கிறார்கள். அந்தப் புரதத்தை ஒருநாள் மாத்திரையாக்கினால் வரவேற்போம். வயிறு நிறைய இரும்புச்சத்து உண்கிற தன்னார்வலருக்கு எண்ணிச் செலுத்திய சில புழுக்களுக்கும், சாமையும் அரிசியும் உண்டு மூன்று பிள்ளை பெற்ற பெண்ணின் குடலில் எண்ணாமல் சேர்ந்த புழுக்களுக்கும் வேறுபாடு உண்டு. கணக்கைப் போட்டே பார்க்கலாம். நெகேட்டர் புழு ஒன்று நாளுக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கிறது என்று கொள்வோம். 50 புழு என்றால் 1.5 மில்லி. ஹீமோகுளோபின் 10 கிராம் உள்ள ஒருவரின் அந்த ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். கொஞ்சத்தைக் குடலின் கீழ்ப்பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், தானிய உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு எடுத்துக்கொள்ளும் இரும்பே 1 மில்லிகிராமைச் சுற்றித்தான் இருக்கும் எனும்போது இந்த இழப்பு லேசானதா? மாதவிலக்கு இழப்பு வேறு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அத்தனைக்கும் கொக்கிப்புழு காரணமில்லை, உணவுதான் பெருங்காரணம். ஆனால் இரும்பு மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே அதைக் குடிக்கும் வாயை 31-ஆவது வயதில் அப்படியே விட்டுவிடுவது விநோதமான ஏற்பாடு.

புழு நம் தற்காப்பை அடக்குவது புழுவோடு மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தோடு இணைந்து சுபாஷ் பாபுவின் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றுள்ளவர்களில், கொக்கிப்புழுவும் இருந்தவர்களிடம் காசக்கிருமியை எதிர்க்கும் முதல் வகை, பதினேழாம் வகை டி செல்களின் பங்கு குறைந்திருந்தது. இதனால் அவர்களுக்குக் காசநோய் முற்றும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அப்படி அவசரப்பட்டு முடிவு கட்டுவதும் தவறு. ஆனால் தொற்று லேசானது, எனவே விட்டுவிடலாம் என்பவர்கள் முட்டையின் எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

கழிப்பறையும் செருப்பும் தந்தால் போதாதா, எல்லாருக்கும் மாத்திரை எதற்கு என்பாரும் உண்டு. இந்தக் கேள்விக்குத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது, அது இரு பக்கமும் வெட்டும். நூறாண்டுக்கு முன் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையில் நடத்திய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916-இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. நோயாளிகள் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போன தோட்டத் தொழிலாளர்கள். ஆண் பெண் பிள்ளை என்று எல்லாருக்கும் மருந்து கொடுத்தார்கள்; மண்டபம் முகாமில் கடல் கடக்கும் முன்பே மருந்து கொடுக்கும் வழக்கமும் வந்தது. அன்றைய கீனோபோடியம் எண்ணெய் குடலைப் புரட்டும் கொடிய மருந்து. இன்றைய அல்பெண்டசோலோடு ஒப்பிடவே முடியாது. மருந்து வேலை செய்தது, புழு திரும்பி வந்தது. கழிப்பறைக்குச் செலவழிக்கத் தோட்ட முதலாளிகளுக்கு மனமில்லை என்பது முதற்காரணம். மருந்து மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மண்ணில் கிடக்கும் இளம்புழு சாப்பிடுவதில்லை. சேமித்த சத்து தீர்ந்ததும் சில வாரத்தில் செத்துவிடும். குடலில் இருக்கும் புழு ஆண்டுக்கணக்கில் வாழும். இந்த நோயின் உண்மையான கிடங்கு மண் அல்ல, மனித உடல். அதிலும் எதிர்ப்பாற்றல் காலி செய்யாத உடல். இன்றே எல்லா வீட்டிலும் கழிப்பறை வந்தாலும், காட்டு வேலைக்குப் போகிற நாளில் ஒருவர் மரத்தடியில் ஒதுங்கினால் போதும், கிடங்கு திறந்துவிடும். மலையில் பிள்ளைகளின் குடலை மட்டும் காலி செய்துவிட்டுப் பெரியவர்களை விட்டுவைத்தால், அதே பிள்ளைகளின் பாதம் படும் மண்ணில் பெரியவர்களின் புழு முட்டைதான் கிடக்கும்.

என்னைத் தயங்க வைக்கும் மறுப்பு மருந்தெதிர்ப்பு பற்றியது. எல்லாருக்கும் திரும்பத் திரும்ப ஒரே மருந்தைக் கொடுத்தால், மருந்துக்குத் தப்பிய புழுக்களின் சந்ததியே மிஞ்சும். இது வெறும் பயமல்ல. ஆடுகளின் குடற்புழுக்களில் இது உலகெங்கும் நடந்துவிட்டது; அமெரிக்காவில் நாய்களின் கொக்கிப்புழு மூன்று வகை மருந்துகளுக்கும் மசியாத நிலையை எட்டியிருக்கிறது. மனிதக் கொக்கிப்புழுவிலும் ஒரு வேளை அல்பெண்டசோல் நூற்றுக்கு நூறு வேலை செய்வதில்லை. நான்கில் மூன்று பேர் அளவில்தான் புழு முழுதும் நீங்குகிறது. மருந்து படாத பெரியவர்கள் ஊரில் இருப்பது, மருந்துக்கு இளகும் புழு இனத்தைக் காத்துவைப்பதாகும் என்று ஒரு வாதமும் உண்டு. கால்நடை மருத்துவர்கள் வேண்டுமென்றே மந்தையில் சிலவற்றுக்கு மருந்து கொடுக்காமல் விடுவார்கள். மனிதரிடம் இதைச் செய்வதென்றால், யாரை ரத்தசோகையோடு விட்டுவைப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மறுப்பின் சாரத்தை ஏற்கிறேன்: எல்லாருக்கும் மாத்திரை என்பது முடிவில்லாத திட்டமாக இருக்கக் கூடாது. மூன்றாண்டு என்று காலம் குறித்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து, குறைவது தெரிந்தால் மருந்தை மாற்றும் ஏற்பாட்டோடுதான் அதைச் செய்ய வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளுக்கு மட்டும், கால வரம்பின்றி, அளந்து பார்க்காமல் கொடுத்து வருவதும் மருந்தெதிர்ப்பை வளர்க்கும் வழிதான் என்பதை மறுப்பவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

உடல் தானாகக் கற்காததைத் தடுப்பூசி கற்பிக்குமா? கற்பிக்கலாம் என்பதற்கு நாய்கள் சாட்சி. கிளாஸ்கோவில் தாமஸ் மில்லர் கதிர்வீச்சால் வலுவிழக்கச் செய்த இளம்புழுக்களை நாய்களுக்குச் செலுத்தினார். குடலை எட்டுமுன் அவை இறந்தன, நாய்களுக்கு நல்ல எதிர்ப்பாற்றல் வந்தது. 1973-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து இரண்டே ஆண்டில் மறைந்த அந்தத் தடுப்பூசி சொல்லும் செய்தி, முழு வளர்ச்சியடைந்த புழு குடலில் குடியேறி உடலை அடக்குமுன் பாடம் நடத்திவிட வேண்டும் என்பது. மனிதருக்கான முதல் முயற்சியில் இந்தக் கால வரிசையே பிரச்சினையானது. இளம்புழுவின் புரதமான என்ஏ-ஏஎஸ்பி-2 அமெரிக்கத் தன்னார்வலர்களிடம் பாதுகாப்பாக இருந்தது. பிரேசிலில், முன்பே கொக்கிப்புழு தொற்று கண்ட மக்களுக்குப் போட்டபோது சிலருக்கு உடனே உடம்பெங்கும் தடிப்பு எழுந்தது. அந்தப் புரதத்துக்கெதிரான ஐஜிஇ அவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே காத்திருந்தது. காம்பியாவில் பெரியவர்களின் எதிர்ப்பொருள் குழந்தைகளுக்கு மருந்தானது; பிரேசிலில் பெரியவர்களின் வேறு வகை எதிர்ப்பொருள் தடுப்பூசிக்கே எதிரியானது. அந்த முயற்சியை நடத்திய பீட்டர் ஹோட்டஸ் குழுவினர் அதைக் கைவிட்டு, புழுவின் குடலுக்குள் ரத்தத்தைச் செரிக்க உதவும் நொதிகளான என்ஏ-ஜிஎஸ்டி-1, என்ஏ-ஏபிஆர்-1 பக்கம் திரும்பினார்கள். அந்த நொதிகள் புழுவின் வயிற்றுக்குள்ளேயே இருப்பதால் நம் உடல் அவற்றைச் சந்தித்திருக்க வாய்ப்புக் குறைவு. அவற்றுக்கெதிரான ஐஜிஇயும் குறைவு. புழு குடிக்கும் ரத்தத்தோடு எதிர்ப்பொருளும் போய் அதன் வயிற்றைக் கெடுக்கும் என்பது திட்டம். இவை இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கின்றன. வெற்றி பெற்றாலும் முதல் ஊசி குழந்தைகளுக்கே போகும்.

எனவே இப்போது ஜவ்வாது மலையில் நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களுக்கு மாத்திரையைத் தவிர வேறு வழி கண்ணில் படவில்லை. அதைக் கொண்டுசேர்க்கப் புதிய துறை ஒன்றும் தொடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள். அவர்கள் சந்திப்பதில் பெரும்பங்கு பள்ளித் திட்டம் தொடாத வயதினர். அந்தப் பையிலேயே ஆண்டுக்கு இருமுறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோலும் இருக்கலாம்: கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்காமல், வாங்கியவர் கண்முன்னே விழுங்கினாரா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, வயல் வேலைக்கோ கூலிக்கோ வெளியூர் போயிருந்தவர்களுக்காக மறுபடி ஒருமுறை வந்து. ஜவ்வாது மலை ஒன்றியம் முழுவதும் இப்படி 6 சுற்று கொடுத்துவிட்டு, பிறகு எடுக்கும் மல மாதிரிகளில் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளுடையதை அல்ல, ஐம்பது வயது தாண்டிய ஆண்களுடையதை.